மாவட்ட வரலாற்றில் பழங்குடியினர்: நீலகிரியை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

ஒரு நிலப்பகுதியின் வரலாற்றைப் பலரும் எழுதுகின்றனர். கல்வெட்டு வெட்டுவித்த அரசர்களும், வழிப்பயணிகளும், சமயத் தொண்டர்களும், ஆய்வாளர்களும் அப்பணியைத் தத்தம் நோக்கிற்கேற்பச் செய்துள்ளனர். ஆயினும், பொதுமக்களை எளிதில் சென்றடைவது மாவட்ட நிருவாகமும் நகராட்சியும் தரும் வரலாறேயாகும். மாவட்ட விவரச்சுவடி, விழா மலர், சுற்றுலாக் கையேடு, நினைவுச்சின்னம், ஊர்ப்பெயர்ப் பலகை ஆகியன யாவும் அவ்வரலாற்றின் வடிவங்கள். பள்ளி மாணவர் தம் ஊரைப் பற்றிக் கட்டுரை எழுதவும், வெளியூரார் அவ்வூரைப் புரிந்துகொள்ளவும் இவற்றையே நாடுகின்றனர். ஆதலின் இவற்றில் யார் இடம்பெறுகின்றனர், எவ்வாறு இடம்பெறுகின்றனர் என்பது ஆய்வுக்குரிய பொருளாகிறது.

பழங்குடி மக்கள் தொன்றுதொட்டு வாழ்ந்துவரும் பகுதிகளில் இவ்வினா கூர்மையடைகிறது. அவர்களைப் பற்றி அரசு வெளியீடுகள் எதுவுமே கூறவில்லை என்று குற்றஞ்சாட்ட இயலாது. பல பக்கங்கள் எழுதப்பட்டுள்ளன, படங்களும் உள்ளன. எனினும் அவ்வளவும் வழக்கங்களாகவும் வினோதங்களாகவும் எழுதப்பட்டுள்ளனவேயன்றி, வரலாறாக எழுதப்படவில்லை. நீலகிரி மாவட்டத்தைச் சான்றாகக்கொண்டு இதனை விளக்குவதும், இதனால் விளையும் இழப்பு எத்தகையது என்பதைக் காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. ஆய்வுக்களம்

தமிழ்நாட்டில் நலிவுறு நிலைக்குரியனவாக வகைப்படுத்தப்பட்ட தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு பழங்குடிகளும் வாழும் மாவட்டம் நீலகிரி. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாவட்டத்தின் மொத்த மக்கள்தொகையில் அட்டவணைப் பழங்குடியினரின் பங்கு ஏறத்தாழ 4.5 விழுக்காடு. எண்ணிக்கையில் சிறியவராயினும், மாவட்டத்தின் பழமையைப் பற்றிய எந்த வினாவும் இவர்களிடமிருந்தே தொடங்க வேண்டும். அட்டவணையில் இடம்பெறாத படகர்களும் பல நூற்றாண்டுகளாக இம்மலைமேல் வாழ்பவர்கள். அவர்களின் வரலாறும் இவர்களின் வரலாற்றோடு பின்னிப் பிணைந்ததாகும்.

இம்மாவட்டத்தைத் தேர்ந்ததற்கு மற்றொரு காரணமும் உண்டு. இந்தியப் பழங்குடிகளுள் நீலகிரியினரைப் போல விரிவாக ஆராயப்பட்டோர் சிலரே. பிரீக்ஸ் 1873இலும், கிரிக் 1880இலும் வெளிவந்த நூல்களில் இவர்களை விவரித்தனர். ரிவர்ஸ் எழுதிய தோடர் பற்றிய பெருநூல் 1906இல் வெளிவந்தது. எமனோ 1930களின் பிற்பகுதியில் இங்குத் தங்கிக் கோத்தர், தோடர் மொழிகளை ஆராய்ந்தார். மாண்டல்பாம் அதே காலத்தில் கோத்தரிடையே களப்பணி செய்தார். ஆகவே, சான்று இன்மையால் வரலாறு எழுதப்படவில்லை என்று இம்மாவட்டத்தைப் பொறுத்தவரை கூற இயலாது.

2. எந்த இயலில் இடம்பெறுகின்றனர்?

சென்னை மாகாணத்தின் மாவட்ட விவரச்சுவடிகள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரே அமைப்பில் எழுதப்பட்டன. முதல் இயல் நில இயல்பு; இரண்டாம் இயல் அரசியல் வரலாறு; மூன்றாம் இயல் மக்கள். அதன்பின் வேளாண்மை, காடு, வணிகம், போக்குவரத்து, நிலவரி என இயல்கள் தொடரும். நீலகிரிக்காக பிரான்சிஸ் எழுதி 1908இல் வெளிவந்த சுவடியும் இவ்வமைப்பினதே.

எளிய பகுப்பாகத் தோன்றும் இதில் ஒரு முடிவு அடங்கியுள்ளது. கங்கர், போசளர், விசயநகரத்தார், மைசூர் மன்னர், ஐதர், திப்பு, கிழக்கிந்தியக் கம்பெனி ஆகியோர் வரலாற்று இயலுக்கு உரியோராயினர். இவர்களுள் கம்பெனிக்கு முற்பட்டோர் சமவெளியிலிருந்து இம்மலைமீது உரிமை கொண்டாடியோர். மலைமேலேயே வாழ்ந்த தோடரும் கோத்தரும் குறும்பரும் இருளரும் மக்கள் இயலுக்கு உரியோராயினர். மலையை ஆண்டதாகச் சொல்லப்பட்டவருக்கு ஆண்டுகள் கிடைத்தன. மலையில் வாழ்ந்தவருக்கு வழக்கங்களே கிடைத்தன.

மொழிநடையும் இப்பகுப்பிற்கேற்ப வேறுபடுகிறது. வரலாற்று இயலின் வினைமுற்றுகள் இறந்தகாலத்தன: வென்றான், கைப்பற்றினான், வரி விதித்தான். மக்கள் இயலின் வினைமுற்றுகள் என்றும் நிகழும் வழக்கத்தைக் குறிப்பன: எருமை மேய்ப்பர், கோயிலில் பால் கடைவர், இறந்தோரை எரிப்பர். இத்தகைய வினைமுற்று ஒரு செயலைக் காலத்தினின்று விலக்கிவிடுகிறது. நேற்றும் அவ்வாறே செய்தனர், நாளையும் அவ்வாறே செய்வர் என்னும் கருத்து, சொல்லாமலே படிப்போர் உள்ளத்தில் பதிகிறது.

உண்மை நிலை வேறு. தோடர் பாற்பொருளும், கோத்தர் மட்கலமும் இரும்புக் கருவியும் இசையும், படகர் தானியமும், குறும்பர் காடுபடு பொருளும் தந்து ஒருவரையொருவர் சார்ந்து வாழ்ந்த முறை அறிஞர் பலரால் விளக்கப்பட்டுள்ளது. அரசு வெளியீடுகள் இதனை மாறாத மரபாகவே காட்டுகின்றன. ஆனால் இம்முறை மாறியதற்குக் காலமும் காரணமும் உண்டு. 1920களில் பரவிய மறுபடி வரும் காய்ச்சலால் கோத்தர் பலர் மாண்டனர். அதன் விளைவாக அவர்களிடையே புதிய தெய்வ வழிபாடு தோன்றியது. 1930களையொட்டிப் படகர் பலர் கோத்தரின் இசையைத் தம் சடங்குகளினின்று விலக்கினர். இவற்றை மாண்டல்பாம் விரிவாகப் பதிவு செய்துள்ளார். தோடரின் எண்ணிக்கை 1901இல் ஏறத்தாழ 800. இடையில் பெரிதும் குறைந்து, பின்னர் உயர்ந்து, 2011இல் ஏறத்தாழ 2000 ஆயிற்று. ஒரு சமூகம் அழிவின் விளிம்புவரை சென்று மீண்டது வரலாற்று நிகழ்ச்சி அன்றோ? அது புள்ளிவிவரமாக நின்றதேயன்றி, மாவட்ட வரலாற்றின் ஒரு கட்டமாகக் கொள்ளப்படவில்லை.

3. ஆண்டுக்கணக்கின் தொடக்கம்

எந்த ஆண்டிலிருந்து எண்ணுகிறோம் என்பதே வரலாற்றின் வடிவத்தை உறுதி செய்கிறது. நீலகிரியைப் பொறுத்தவரை நமக்குக் கிடைக்கும் ஆண்டுகள் வருமாறு:

போசள மன்னன் விட்டுணுவர்த்தனனின் தளபதி புணிசனின் 1117ஆம் ஆண்டுக் கல்வெட்டு சாமராசநகரில் உள்ளது. அவன் தோடரை அச்சுறுத்தியதையும், நீலமலையின் சிகரங்களை வெற்றித் திருமகளுக்குக் காணிக்கையாக்கியதையும் அது கூறுகிறது. நீலமலை என்னும் பெயரும் தோடர் என்னும் பெயரும் ஒருங்கே இடம்பெறும் பழஞ்சான்று இது. 1603இல் பினிசியோ என்னும் ஏசுசபைத் துறவி மேற்குக் கரையிலிருந்து மலையேறித் தோடரையும் படகரையும் கண்டு எழுதிவைத்தார். 1812இல் கீசு என்பவரும் மக்மான் என்பவரும் நில அளவைக்காக மலையேறினர். 1818இல் கோயம்புத்தூர் ஆட்சியரின் துணை அலுவலர்களான விசும் கிண்டர்சிலியும் சென்றனர். 1819இல் ஆட்சியர் ஜான் சலிவன் சென்றார். 1822இல் உதகையில் கல் பங்களாவைக் கட்டத் தொடங்கினார்.

இவ்வரிசையில் கடைசியாக நிற்கும் ஆண்டே நகரின் தொடக்கமாகக் கொள்ளப்பட்டது. 2022இல் உதகையின் 200ஆம் ஆண்டு அரசு விழாவாகக் கொண்டாடப்பட்டு, சலிவனுக்கு உதகையில் சிலையும் திறக்கப்பட்டது. நகராட்சிக்கும் சாலைக்கும் ஏரிக்கும் அவர் காலம் தொடக்கம் என்பதில் ஐயமில்லை. ஓர் ஊரின் நகர வாழ்வுக்கு ஆண்டு விழா எடுத்தலும் தவறன்று. ஆனால் நகரின் பிறப்பு மலையின் பிறப்பாகவே பேசப்படும்போதுதான் இடர் தோன்றுகிறது. 1117ஐத் தொடக்கமாகக் கொண்டால், அச்சான்றின் வயது 2022இல் 905 ஆண்டுகள். அதுவும் தோடரின் வயதன்று. அவர்களை அச்சுறுத்தியவனின் ஆவணத்தின் வயதேயாகும்.

சலிவனைப் போற்றுவோர் அவரைப் பற்றியே ஒரு செய்தியை மறந்துவிடுகின்றனர். அவர் உதகையில் தோடரிடமிருந்து ஏக்கர் ஒன்றுக்கு ஒரு ரூபாய் வீதம் கொடுத்து நிலத்தைப் பெற்றார். மலைநிலத்தின் உரிமை தோடருக்கு உரியது என்று அரசிடம் அவர் வாதிட்டார். ஆளுநர் லசிங்டன் அக்கருத்தை ஏற்கவில்லை. தோடருக்கு இருந்தது மேய்ச்சல் உரிமையா, முழு உடைமையா என்னும் வழக்கு கம்பெனி ஆட்சியில் நெடுங்காலம் நீடித்தது. கொடுத்த விலை நேரியதா என்பதும், பெற்றுக்கொண்டோர் அதனை விற்பனையாகவே கருதினரா என்பதும் தனியே ஆராயத்தக்கன. எவ்வாறாயினும், விலை கொடுத்து ஒருவரிடம் வாங்கிய நிலத்தைக் கண்டுபிடித்ததாகச் சொல்வது பொருந்தாது. வாங்கினார் என்றால் விற்றவர் ஒருவர் இருந்தார் என்பதே பொருள். அவ்விற்றவரின் வரலாறே மாவட்ட வரலாற்றின் விடுபட்ட முதல் பகுதி.

4. வினையும் அடைமொழியும்

கண்டுபிடித்தல் என்னும் வினையைக் குறித்துச் சற்று விரிவாகக் காணலாம். தமிழில் இவ்வினை முன்பு ஒருவரும் அறியாததை அறிதலையும், காணாமற்போனதைத் தேடி எடுத்தலையும் குறிக்கும். நீலகிரி அவ்விரண்டிற்கும் உரியதன்று. வந்தார், குடியேறினார், நிலம் பெற்றார், நகர் அமைத்தார் என்னும் வினைகள் அவ்விடத்தில் உண்மைக்கு நெருக்கமானவை. இவற்றைப் பயன்படுத்தினால் சலிவனின் சிறப்பு குறையாது. மற்றையோரின் இருப்பும் மறையாது.

அடைமொழிகளும் கருதத்தக்கன. 1975இல் நடுவணரசு பழங்குடிகளுள் மிகப் பின்தங்கியோரெனக் கருதியோரைத் தனிவகையாக்கியபோது, அவ்வகைக்கு இடப்பட்ட ஆங்கிலப் பெயர் அவர்களை மாந்தகுலத்தின் தொடக்க நிலையினராகச் சுட்டியது. 2006இல் அப்பெயர் நீக்கப்பட்டு, நலிவுறு நிலையைக் குறிக்கும் பெயர் ஏற்கப்பட்டது. எனினும் பண்டைய பழங்குடியினர் என்னும் தமிழ் வழக்கு இன்றும் கேட்கப்படுகிறது. இவ்வடைமொழியில் ஒரு முரண் உள்ளது. ஒரு மக்களைப் பண்டையோர் என்று அழைக்கிறோம். ஆனால் அவர்தம் பண்டு யாது என்று எழுதுவதில்லை. தொன்மை அவர்களுக்குப் பட்டமாகக் கிடைத்தது, வரலாறாகக் கிடைக்கவில்லை. இன்று வாழும் ஒரு மக்களைச் சென்ற காலத்தின் எச்சமாகக் காட்டவே அப்பட்டம் பயன்படுகிறது.

5. ஊர்ப்பெயர்கள் கூறும் செய்தி

ஊர்ப்பெயரும் ஓர் ஆவணமே. அதனை எழுதும் உரிமை நிருவாகத்திடம் உள்ளது. நீலகிரியின் சில பெயர்களை நோக்குவோம்.

தோடரின் குடியிருப்பைத் தமிழரும் படகரும் மந்து என்பர். தோடர் தம் மொழியில் அதனை மொத் என்பதற்கு நெருக்கமான ஒலியுடன் வழங்குகின்றனர். திராவிட மொழிகளின் சொற்பிறப்பகராதி இச்சொல்லைத் தமிழின் மன்று, மன்றம், மந்தை ஆகியவற்றோடு ஓரினமாக்குகிறது. மக்கள் கூடுமிடமும் ஆநிரை கூடுமிடமும் ஒரே வேரினின்று பெயர் பெற்றமை, ஆயர் வாழ்வின் இயல்பைக் காட்டும் அரிய சான்று. உதகையின் பெயர் 1821இல் வெளிவந்த ஆங்கிலக் கடிதம் ஒன்றில் வோட்டோக்கிமண்ட் என்பது போன்ற வடிவில் காணப்படுகிறது. பெயரின் முற்பகுதி குறித்துக் கருத்து வேறுபாடு உண்டு. பிற்பகுதி மந்து என்பதில் ஐயமில்லை. உதகமண்டலம் என்னும் வடிவத்தில் மந்து மண்டலமாயிற்று. முற்பகுதி நீரைக் குறிக்கும் வடசொல்லாகக் கொள்ளப்பட்டது. ஒரு சிற்றூர் ஒரு மண்டலமாக உயர்ந்தது போன்ற தோற்றம் ஏற்பட்டது. ஆனால் அச்சிற்றூர் யாருடையது என்னும் செய்தி பெயரினின்று நீங்கிற்று.

கோத்தகிரி என்பதைக் கோத்தர் கேரி, அதாவது கோத்தரின் தெரு என விளக்குவர். கேரி கிரியானவுடன் மக்கள் வாழ்ந்த தெரு மலையாயிற்று. செக்கதளா என்னும் படகர் ஊரையொட்டி அமைந்த படைமுகாமிற்கு 1860இல் வெலிங்டன் பெயர் இடப்பட்டது. தோடரின் எருமைகள் மேய்ந்த பரந்த புல்வெளி சென்னை ஆளுநர் ஒருவரின் பெயரால் வென்லாக் டவுன்சு எனப்பட்டு, இன்றும் அவ்வாறே வழங்குகிறது.

மக்களின் பெயர்களும் பிறர் இட்டனவே. தோடர் தம்மை ஓள் என்றே அழைத்துக்கொள்கின்றனர். அது தமிழின் ஆள் என்பதற்கு இனமான சொல். கோத்தர் தம்மைக் கோவ் என்பர். இச்சொற்களைத் தமிழ் எழுத்தில் முழுமையாக எழுத இயலாது. தோட மொழியில் குறிலும் நெடிலுமாகப் பதினாறு உயிரொலிகள் உள்ளன. வருடொலிகளிலும் உரசொலிகளிலும் அது திராவிட மொழிகளுள் தனித்து நிற்கிறது. இவ்வருமை மொழியியலார் மட்டும் அறிந்த செய்தியாக நிற்பது வருந்தத்தக்கது. பத்தாயிரத்திற்குக் குறைந்தோர் பேசும் மொழிகளை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பெயர் சுட்டாமல் பிற மொழிகள் என்னும் தலைப்பில் அடக்கிவிடுவதால், நாட்டளவிலான அட்டவணைகளிலும் இவை காணப்படுவதில்லை. மாவட்ட அளவிலேனும் இவற்றின் பெயர் ஒலிக்க வேண்டும்.

6. காட்சிப்பொருளாகும் குடியிருப்பு

உதகை அரசு தாவரவியல் பூங்காவின் மேற்புறத்தில் தோடர் மந்து ஒன்று உள்ளது. பூங்காவுக்கு வருவோர் மலர்ப்படுகையையும் கண்ணாடி மாளிகையையும் பார்த்தபின் மேலேறி மந்தையும் பார்த்துச் செல்கின்றனர். பூங்காவின் பல காட்சிகளுள் அதுவும் ஒன்று என்றே பலர் கருதுகின்றனர். மக்கைவர் என்பவர் 1848இல் வந்து பூங்காவை அமைத்தார். மஞ்சக்கல் மந்து என்னும் அக்குடியிருப்பு பூங்காவுக்கும் முந்தியது. மந்தின் அருகில் பூங்கா அமைந்தது என்பதே சரியான வரிசை. பூங்காவிற்குள் மந்து இருப்பதாகக் கூறுவது அவ்வரிசையைத் தலைகீழாக்குகிறது.

பழங்குடியினரின் கலையை அரசு போற்றாமலில்லை. தோடரின் பூத்தையல் 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. விருந்தினருக்கு அச்சால்வையை அணிவித்தல் வழக்கமாகிவிட்டது. முத்தொரை பாலாடாவில் 1983 முதல் பழங்குடியினர் ஆய்வு மையமும் அதனைச் சார்ந்த அருங்காட்சியகமும் உள்ளன. கோடை விழாக்களில் பழங்குடியினரின் ஆடலும் இசையும் இடம்பெறுகின்றன. இவை வரவேற்கத்தக்கன. ஆயினும் கலையைக் காட்டுவது வேறு, வரலாற்றைக் கூறுவது வேறு. சால்வையை அணியும் விருந்தினருக்கு, அதனைத் தைத்தவரின் மேய்ச்சல் நிலத்தில் சீகையும் தைலமரமும் நடப்பட்ட வரலாறு தெரிவதில்லை. சோலையும் புல்வெளியுமாக இருந்த மலைமுகடு 19ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியிலிருந்து அயல்நாட்டு மரத்தோப்பாக மாறியது. எருமையைச் சார்ந்த வாழ்வும் வழிபாடும் அதனால் சுருங்கின. விழா மேடையில் இடம்பெறாத செய்தி இதுவே.

கூடலூர்ப் பகுதிக்கு வந்தால் மௌனம் மேலும் ஆழமாகிறது. முன்பு மலபாரின் வயநாட்டைச் சேர்ந்திருந்து 1877இல் நீலகிரியோடு இணைக்கப்பட்ட பகுதி அது. அங்குப் பணியர் தலைமுறை தலைமுறையாக நிலவுடைமையாளரிடம் கொத்தடிமைகளாக இருந்தனர். தோட்டங்களின் தோற்றமும் வளர்ச்சியும் விரிவாக எழுதப்படுகின்றன. 1969இல் இயற்றப்பட்ட கூடலூர் ஜன்ம நிலங்கள் ஒழிப்புச் சட்டமும், 1976இல் இயற்றப்பட்ட கொத்தடிமை ஒழிப்புச் சட்டமும் பெயரளவில் குறிக்கப்படுகின்றன. அவ்வடிமை வாழ்வை நினைவில் வைத்திருக்கும் பணியரின் சொல் எங்கும் பதியப்படுவதில்லை.

7. வாய்மொழிச் சான்றும் வன உரிமைச் சட்டமும்

இவை யாவும் பெயரையும் பெருமையையும் பற்றிய சிறு குறைகள் எனச் சிலர் கருதக்கூடும். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் வந்தபின் அவ்வாறு கருத இடமில்லை.

தமிழ்நாட்டில் அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைக்குரிய பகுதி ஏதும் இல்லை. ஆதலின் பழங்குடிப் பகுதிகளின் ஊராட்சிகளுக்கென 1996இல் இயற்றப்பட்ட நடுவண் சட்டம் இங்குச் செயற்படாது. நிலத்தோடு தமக்குள்ள உறவை நிலைநாட்டப் பழங்குடியினருக்கு உள்ள முதன்மையான வழி வன உரிமைச் சட்டமே. அதன்கீழ் 2008இல் வகுக்கப்பட்ட விதிகள், உரிமை கோருவோர் காட்டத்தக்க சான்றுகளை வரிசைப்படுத்துகின்றன. அவற்றுள் அரசின் விவரச்சுவடிகள், மக்கள்தொகைக் கணக்கு, நில அளவை ஆவணம், வரைபடம் ஆகியன உள்ளன. ஆய்வு நிறுவனங்கள் தொகுத்த வழக்காற்று ஆவணங்களும், மூத்தோரின் வாய்மொழியை எழுத்தில் வடித்த வாக்குமூலமும் உள்ளன. சமூக உரிமைக்கு மரபான மேய்ச்சல் நிலமும், புனித மரமும், சுடுகாடும் இடுகாடுமே சான்றாகக் கொள்ளப்படும்.

இதன் பொருள் தெளிவானது. மாவட்ட விவரச்சுவடி வெறும் படிப்பு நூலன்று, உரிமைக்கான சான்றாவணமுமாகும். ஒரு மந்தின் பெயரும், அது சார்ந்த மேய்ச்சல் நிலமும், அது கைவிடப்பட்ட காலமும் அச்சுவடியில் எழுதப்பட்டிருந்தால் அம்மக்களின் கோரிக்கைக்கு வலிமை கிடைக்கும். எருமை வளர்ப்பர் என்று மட்டும் எழுதப்பட்டிருந்தால் எதுவும் கிடைக்காது. அட்டவணைப் பழங்குடியினரல்லாத மரபுவழி வனவாழ்நருக்கு நிலை இன்னும் கடினமானது. 2005 டிசம்பர் 13ஆம் நாளுக்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள், அங்கு வாழ்ந்தமையை அவர்கள் காட்ட வேண்டும்.

மூத்தோரின் சொல்லைச் சட்டம் சான்றாக ஏற்கிறது. வரலாற்று இயல் ஏற்கத் தயங்குகிறது. இத்தயக்கத்திற்கு நீலகிரியில் நியாயமில்லை. எமனோ தொகுத்த தோடர் பாடல்கள் 1971இல் நூலாக வெளிவந்தன. இணையிணையாக அமையும் மரபுத் தொடர்களால் ஆன அப்பாடல்கள் மந்துகளையும், பால்மனைகளையும், எருமை மந்தைகளையும், மலைமுகடுகளையும் பெயர் சொல்லிச் சுட்டுகின்றன. மெய்க்கீர்த்தியை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளும் நாம், அதனைப் போலவே மரபுத்தொடர்களால் இயன்ற இப்பாடல்களை ஏன் விலக்க வேண்டும்? இரண்டையும் ஒரே அளவுகோலால் ஆராய்ந்து, மிகையை நீக்கி, செய்தியைக் கொள்வதே முறை.

8. பிற இடங்களில்

அண்டை மாவட்டமான வயநாடு ஒரு வேறுபாட்டைக் காட்டுகிறது. பழசி அரசரின் போரில் குறிச்சியர் படைக்குத் தலைமை தாங்கிய தலய்க்கல் சந்து, 1802இல் பனமரம் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றியவர், 1805இல் கொல்லப்பட்டார். பனமரத்தில் அவருக்கு நினைவிடம் உள்ளது. 1812இல் நிகழ்ந்த குறிச்சியர் கிளர்ச்சியும் மாவட்ட வரலாற்றின் பகுதியாகவே பேசப்படுகிறது. ஆயினும் இங்கும் ஒரு வரம்பு உண்டு. போர் புரிந்த பழங்குடி வரலாற்றில் நுழைய முடிகிறது. போர் புரியாத பழங்குடிக்குக் கதவு திறப்பதில்லை. எருமையும் காடும் கொல்லுலையுமாக அமைதியுடன் வாழ்ந்தோருக்கும் வரலாறு உண்டு என்பதை ஏற்பதே அடுத்த படி.

அயல்நாடுகளுள், கனடாவின் வான்கூவர் நகரமன்றம், அந்நகரம் மூன்று தொல்குடிகள் ஒருபோதும் விட்டுக்கொடுக்காத நிலத்தில் அமைந்தது என்பதை 2014இல் முறையாக ஏற்றது. ஆத்திரேலியாவின் வட ஆட்சிப்பகுதியில் அயர்சு பாறை எனப்பட்ட குன்றிற்கு 1993இல் உலுரு என்னும் தொல்குடிப் பெயரும் சேர்த்து இடப்பட்டது; 2002இல் உலுரு என்பது முற்பெயராயிற்று. இத்தகைய அறிவிப்புகளால் மட்டும் நிலம் திரும்பிவிடாது என்று அந்நாடுகளின் தொல்குடியினரே சுட்டிக்காட்டுகின்றனர். எனினும் முறையான இறந்தகால வினைமுற்றில், பெயரும் ஆண்டும் குறித்து ஓர் உண்மையை அரசு எழுதிவைப்பது, பின்வரும் உரிமைகளுக்கு அடித்தளமாகும்.

9. செய்யத்தக்கன

நீலகிரி மாவட்ட நிருவாகமும் உள்ளாட்சிகளும் பெரும்பொருட் செலவின்றியே சிலவற்றைச் செய்யலாம்.

ஒன்று: மாவட்ட விவரச்சுவடி மீண்டும் எழுதப்படும்போது பழங்குடியினரை வரலாற்று இயலிலும் சேர்த்தல். 1117, 1603 ஆகிய ஆண்டுகளின் சான்றுகளும், நோய், இடப்பெயர்வு, மேய்ச்சல் நில இழப்பு, எண்ணிக்கை மீட்சி ஆகியனவும் காலவரிசையில் இடம்பெற வேண்டும்.

இரண்டு: ஊர்ப்பெயர்ப் பலகைகளில் தோட, கோத்த, படக, குறும்ப வழக்குப் பெயர்களையும் எழுதுதல். தமிழ் எழுத்தில் அடங்காத ஒலிகளுக்குரிய குறியீடுகளை மொழியியலாரும் அம்மொழி பேசுவோரும் கூடி வகுக்கலாம்.

மூன்று: சலிவன் நினைவிடங்களில் அவர் தோடரின் நில உரிமைக்காக வாதிட்டதையும், நிலம் யாரிடமிருந்து பெறப்பட்டது என்பதையும் குறித்தல்.

நான்கு: மூத்தோரின் வாய்மொழியை அவர்தம் மொழியிலேயே பதிவு செய்து, ஒரு படியை அவ்வூராரிடமே ஒப்படைத்தல். எழுதப்பட்டதைப் படித்துக்காட்டித் திருத்தம் பெறுதலும் இன்றியமையாதது. எல்லாச் செய்தியும் வெளியிடத்தக்கதன்று என்பதை முடிவு செய்யும் உரிமை அவர்களுடையது.

முடிவுரை

நீலகிரியின் பழங்குடியினர் அரசு வெளியீடுகளில் காணப்படாதவர்கள் அல்லர். மக்கள் இயலிலும், விழா மேடையிலும், சுற்றுலாப் படத்திலும் காணப்படுகின்றனர். ஆனால் காலம், காரணம், நிலம் என்னும் மூன்றும் அவர்களுக்கு அங்கு மறுக்கப்படுகின்றன. இம்மூன்றும் இல்லாத இடத்தில் வழக்கம் உண்டு, வரலாறு இல்லை. வரலாறு இல்லாதோரின் உரிமைக் கோரிக்கை இன்றைய சட்டத்தின்முன் சான்று தேடி அலைகிறது.

பூங்காவின் மேற்புறத்தில் உள்ள மஞ்சக்கல் மந்திற்கு ஏறிச்செல்வோர் படிக்குமாறு அங்கு ஒரு பலகை வைக்கப்படுமாயின், இம்மந்து இப்பூங்காவினும் முந்தியது என்னும் ஒரு தொடரே போதும். அத்தொடரை எழுத ஒப்புதல் கிடைக்கும் நாளில், மாவட்ட வரலாற்றின் முதல் இயலைத் திருத்தி எழுதும் பணியும் தொடங்கிவிடும்.